காலியாக இருந்த வருடங்கள்

வாசலுக்கு எதிரே, புல் முளைத்த தெருவோரத்தில், பன்னிரண்டு பேர் எங்கள் பைகளின் மேல் உட்கார்ந்திருந்தோம். உள்ளே போவதில்லை என்று யாரும் கூடிப் பேசி முடிவெடுக்கவில்லை. முதலில் யோகன் அண்ணை உட்கார்ந்தார். அவரைப் பார்த்து நான் உட்கார்ந்தேன். மற்றவர்களும் பஸ்ஸிலிருந்து ஒவ்வொருவராக இறங்கி வந்து உட்கார்ந்தார்கள்.

இலை உதிரத் தொடங்கியிருந்த காலம். பக்கத்து வயலில் எருப் போட்டிருந்தார்கள். அங்கே எங்களுக்குப் பழக்கமானதாக இருந்தது அந்த மணம் ஒன்றுதான்.

எதிரே மூன்று மாடிக் கல் கட்டடம். ஜன்னல்கள் எல்லாம் ஒரே அளவு, ஒரே இடைவெளி. இரும்புக் கதவு. அதன் பக்கத்தில் காவலாளி நிற்கிற மரக்கூண்டு, சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை அடித்தது. கூண்டுக்குள் யாரும் இல்லை. ஆனாலும் எங்கள் கண் அதை விட்டு நகரவில்லை. சென்றி, அதாவது ஆமிக் காவல், என்றால் என்ன என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

எங்களைக் கூட்டி வந்த சின்ன பஸ்ஸின் சாரதி நல்ல மனிதர். இது என்ன இடம் என்று யோகன் அண்ணை தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டார். சாரதி சிரித்துக்கொண்டு, "மிலிட்டேர்," என்று சொல்லி, விறைப்பாக நின்று ஒரு சல்யூட்டும் அடித்துக் காட்டினார். எங்களைச் சிரிக்க வைக்கத்தான் அப்படிச் செய்தார் என்று இப்போது தெரிகிறது. அன்றைக்கு அந்தச் சல்யூட்டைப் பார்த்ததும்தான் யோகன் அண்ணை பையைக் கீழே வைத்து உட்கார்ந்தார்.

எங்களில் இரண்டு பேர் இலங்கையில் ஒரு ஆமி முகாமுக்குள் போய் மீண்டு வந்தவர்கள். மற்றப் பத்துப் பேருக்கும் உள்ளே போய்த் திரும்பாத யாரோ ஒருவர் சொந்தத்தில் இருந்தார். ஆமிக்குப் பயந்து எத்தனையோ எல்லை தாண்டி, லொறியில் மரக்கறிப் பெட்டிகளுக்கு நடுவே குந்தியிருந்து வந்தவர்களை, கடைசியில் ஆமிக் காம்ப் வாசலிலேயே கொண்டுவந்து இறக்கியிருக்கிறார்கள்.

"இதுக்கு அங்கயே இருந்திருக்கலாம்," என்றார் யோகன் அண்ணை. பகிடியாகச் சொன்னாரா என்று எனக்கு விளங்கவில்லை.

இந்தத் தொடரைப் படிக்கும் வாசகர் ஒருவர், "சுவிசுக்கு வந்த கதையிலிருந்து நேரே ஹோட்டல் சமையலறைக்குப் பாய்ந்துவிட்டீர்களே, நடுவில் எங்கே இருந்தீர்கள்?" என்று கேட்டு எழுதியிருந்தார். கெட்டிக்காரர். நடுவில் இந்தக் கட்டடத்தில் இருந்தேன், பதினான்கு மாதம். அதை நான் தாண்டிப் போனது மறதியால் அல்ல. வாசகர் கேட்டிருக்காவிட்டாலும் இந்த வசந்தகாலத்தில் நடந்த ஒரு விஷயத்தால் இதை எழுதித்தான் ஆகவேண்டும்.

மொழிபெயர்க்க வந்த தாள்

என் தொழில் ஓல்டனில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில். அதற்கு வெளியே, பள்ளிக்கூடங்களுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் ஜெர்மனிலிருந்து தமிழுக்கு மாற்றிக் கொடுக்கும் வேலையும் செய்கிறேன். ஒரு நாள் ஒரு மின்னஞ்சல் வந்தது. ஓல்டனிலிருந்து ரயிலில் அரை மணி நேரத்தில் இருக்கும் ஒரு சின்ன நகரம். அங்கே பழைய கசேர்னை, அதாவது இராணுவக் குடியிருப்பை, நகராட்சி திருத்திப் புதுப்பித்திருக்கிறது. இப்போது அதில் நூலகம், இசைப் பள்ளி, காப்பிக் கடை. வாசலில் கட்டடத்தின் வரலாறு ஐந்து மொழிகளில் பலகையாக வைக்கப்படும். தமிழும் ஒன்று. செய்து தர முடியுமா என்று ஃப்ராவ் கெல்லர் என்ற நகராட்சிப் பெண்மணி கேட்டிருந்தார்.

நகரத்தின் பெயரைப் பார்த்ததும் என் கை சுட்டியிலேயே நின்றது. சரி என்று எழுதி அனுப்பினேன்.

அந்த வரலாற்றை மொழிபெயர்க்க எனக்கு உண்மையிலேயே பிடித்திருந்தது. மேய்ச்சல் நிலமாக இருந்த இடம். சிப்பாய்கள் வந்தால் சாராயக் கடைக்கும் பேக்கரிக்கும் வியாபாரம் நடக்கும் என்று கணக்குப் போட்டு, ஊர்ப் பெரியவர்கள் நிலத்தை இனாமாகக் கொடுத்திருக்கிறார்கள். மலைக் கிராமங்களிலிருந்து பயிற்சிக்கு வந்த பெடியன்களில் பலருக்குத் தனிக் கட்டில் கிடைத்தது அங்கேதான் முதல் தடவை. கீழே குதிரை லாயம். உலகப் போர்க் காலத்தில் எல்லைக் காவலுக்குப் போன படைகள் நடைக்கூடத்தில் படுத்திருக்கின்றன. எல்லை தாண்டித் தஞ்சம் வந்த அந்நியச் சிப்பாய்களுக்கு வைக்கோல் பரப்பி இடம் கொடுத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு இராணுவம் ஊருக்கு வெளியே புது இடம் கட்டிக்கொண்டு போய்விட்டது.

கடைசிக்கு முந்திய வரி இது: "அதன் பின் கட்டடம் சில ஆண்டுகள் காலியாக இருந்தது."

நான் பேனாவை வைத்துவிட்டேன். அந்தக் காலிக்குள் நான் பதினான்கு மாதம் படுத்து எழும்பியிருக்கிறேன். எங்களுக்குப் பிறகும் ஆட்கள் வந்தார்கள், ஒரு கட்டத்தில் எண்பது பேர் வரை இருந்தோம். வைக்கோலில் படுத்த அந்நியச் சிப்பாய்களுக்கு ஒரு வரி இருக்கிறது. குதிரைகளுக்குக்கூட ஒன்றரை வரி இருக்கிறது.

மனைவி வசந்தி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். அந்த வரியை வாசித்துக் காட்டினேன்.

"எழுத வேண்டியதுதானே. உங்கட வேலை மாத்திறது மட்டும். நீங்கள் செய்யாட்டி வேற ஆளிட்டக் குடுப்பினம்."

அவள் சொன்னது சரி. உள்ளதைச் சொல், கூட்டாதே, குறைக்காதே என்பதுதான் எங்கள் தொழிலின் முதல் பாடம். புதிதாக வருகிறவர்களுக்கு இதை நானே பெரிய மனுசன் மாதிரிச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். இப்போது என் கையால், என் தமிழில், நான் அங்கே இருக்கவில்லை என்று எழுத வேண்டும்.

மறுநாள் ஃப்ராவ் கெல்லருக்குத் தொலைபேசி எடுத்தேன். காலி என்ற காலத்தில் நாங்கள் அங்கே இருந்தோம் என்றேன். அவர் ஒளிக்காமல் சொன்னார். அந்த வருடங்களில் கட்டடம் மாநிலத்தின் கையில் இருந்திருக்கிறது. இராணுவம் திருப்பிக் கொடுத்த தாள் நகராட்சியில் இருக்கிறது, நகராட்சி பொறுப்பேற்ற தாளும் இருக்கிறது. நடுவில் ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாததால் காலி என்று எழுதியிருக்கிறார்கள்.

"உங்களை நான் நம்புகிறேன், ஹெர் குணரட்ணம். ஆனால் பலகையில் மாற்றுவதற்கு எனக்கு ஓர் ஆதாரம் வேண்டும். ஒரு படம், ஒரு கடித உறை, எதுவானாலும் சரி. மூன்று வாரத்தில் அச்சுக்குப் போகிறது."

என்னுடைய அகதிக் கோப்பைக் கேட்டு எடுக்கலாம். அது வந்து சேரப் பல மாதம் ஆகும். அந்தக் காலத்து அடையாள அட்டையை, அடுத்த அட்டை தந்தபோதே வாங்கிக்கொண்டார்கள். ஒரு படம் போதுமாம். படத்துக்கா பஞ்சம் என்று நினைத்தேன்.

கட்டடம் விழாத படங்கள்

யோகன் அண்ணை இப்போது வின்டர்தூரில் இருக்கிறார். இயந்திரத் தொழிற்சாலையில் வேலை, இன்னும் இரண்டு வருடத்தில் ஓய்வு. அந்த நாட்களில் எங்கள் பன்னிரண்டு பேருக்கும் அவர்தான் படப்பிடிப்பாளர். இரவல் கமரா, ஒரு படச்சுருள் வாங்கினால் பன்னிரண்டு பேரும் பங்கு போட்டு எடுப்போம்.

"அண்ணை, கசேர்னில எடுத்த படம் ஏதும் வைச்சிருக்கிறியளோ?"

"அல்பம் நிறையக் கிடக்கு. பொறு பாக்கிறன்."

அரை மணி நேரத்தில் திரும்ப எடுத்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு பேசினார்.

"டேய் குணம், ஒண்டிலயும் கட்டடம் இல்லையடா. நீ சிவப்புக் காருக்குப் பக்கத்தில நிக்கிறாய். நான் பூக்கண்டுக்குப் பக்கத்தில. பாலேந்திரனும் அதே சிவப்புக் காரோட."

அந்தக் கார் எதிர்வீட்டுப் பல் வைத்தியருடையது. எங்கள் பன்னிரண்டு பேரின் அம்மாக்களும் மகனுக்குக் கார் இருக்கிறது என்று நம்பியிருந்தார்கள். ஒரே கார் எப்படிப் பன்னிரண்டு வீட்டுக்கும் போனது என்று ஊரில் யாரும் கேட்கவில்லை.

கட்டடம் படத்தில் விழக்கூடாது என்பது யோகன் அண்ணை போட்ட சட்டம். மகன் ஆமி இருந்த இடத்தில் இருக்கிறான் என்று தெரிந்தால் தாய் சோறு இறக்குவாளா? அதனால் கசேர்ன் வாசலில் கட்டடத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவர் நிற்பார். நாங்கள் தெருவுக்கு அந்தப் பக்கம் போய் நின்று பல்லைக் காட்டுவோம். கடிதமும் அப்படித்தான். நகரத்தில் இருந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் விலாசத்தைக் கொடுத்திருந்தோம். எங்களுக்கு வந்த ஒரு உறையில்கூட கசேர்ன் என்ற சொல் கிடையாது.

மற்றவர்களிடமும் கேட்டேன். பீல் நகரத்தில் கடிகாரத் தொழிற்சாலையில் இருக்கும் பாலேந்திரன் ஒரு பெட்டிப் படத்தையும் கொட்டித் தேடினான். நகரத்து நீரூற்று இருந்தது, அன்னம் இருந்தது. நகராட்சி எங்களைக் காலி என்று எழுதியதற்கு நான் கோபப்பட்டேனே, அந்த வேலையை முதலில் செய்தது நாங்கள்தான். அம்மாக்களை ஏமாற்றப் போய், வரலாற்றையும் ஏமாற்றியிருக்கிறோம்.

யோகன் அண்ணை கடைசியில் குரலைத் தணித்துச் சொன்னார்.

"இன்னொரு விஷயம். என்ன கிடைச்சாலும் என்ர பேரைப் போட்டுடாதை. நான் வந்த புதிசில ஒரு புரபெசர் வீட்டில இருந்தனான் எண்டுதான் அருணுக்குச் சொல்லி வைச்சிருக்கிறன். அவன் இப்ப ஆமியில பயிற்சிக்குப் போறான். அப்பன் கசேர்ன் வாசலில குந்தியிருந்து நடுங்கினவன் எண்டு அவனுக்கு ஏன்?"

அருண் அவருடைய ஒரே மகன், இங்கே பிறந்தவன். சுவிஸ் இராணுவச் சீருடையில் அவன் முதல் தடவை வீட்டுக்கு வந்தபோது, கதவைத் திறந்த யோகன் அண்ணை திரும்ப மூடிவிட்டார் என்று அவருடைய மனைவி சொல்லியிருக்கிறா. நாங்கள் எல்லோரும் அதற்குச் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

"சரியண்ணை, போடமாட்டன்," என்றேன்.

ஜன்னல் ஜன்னலாக

படம் இல்லை, உறை இல்லை என்றானபோது எனக்கு ஷெரரின் ஞாபகம் வந்தது. இப்போது அந்த வாசலுக்குத் திரும்புகிறேன்.

நாங்கள் பையில் உட்கார்ந்திருந்தோம். பதிவுக்கு வந்த அதிகாரி பட்டியலை வைத்துக்கொண்டு எங்கள் பெயர்களைக் கடித்துத் துப்பிக்கொண்டிருந்தார். யாரும் எழும்பவில்லை. அப்போது உள்ளேயிருந்து சாம்பல் நிற வேலை மேலங்கி போட்ட ஒருவர் வந்தார், காதில் பென்சில். இங்கே அப்வார்ட் என்பார்கள், கட்டடத்தைப் பராமரிக்கிறவர். அவர்தான் ஹெர் ஷெரர். அதிகாரியிடம் ஏதோ கேட்டார். எங்களைப் பார்த்தார். காவல் கூண்டைப் பார்த்தார். திரும்பி உள்ளே போனார்.

துவக்கோடு ஆட்களைக் கூட்டி வரப் போகிறார் என்று பாலேந்திரன் சொன்னான்.

கீழ் மாடியில் ஒரு ஜன்னல் திறந்தது. ஷெரர் ஒரு வெள்ளைப் போர்வையைக் கொண்டுவந்து ஜன்னலுக்கு வெளியே தொங்கவிட்டார். காலையில் படுக்கையைக் காற்றாட வைக்கும் இந்த நாட்டுப் பெண்கள் செய்வதைப் போல. அடுத்த ஜன்னல், இன்னொரு போர்வை. அது முடிய இரண்டாம் மாடி. பிறகு மூன்றாவது. அந்த மனிதருக்கு அப்போதே ஐம்பது வயது இருக்கும். ஒவ்வொரு ஜன்னலாகத் திறந்து, உள்ளே யாரும் இல்லை, இது படுக்கிற இடம், என்று கைச்சாடையில்கூடச் சொல்லாமல் காட்டிக்கொண்டே போனார். முக்கால் மணி நேரம் எடுத்தது. கடைசி ஜன்னலில் மூச்சு வாங்க நின்று எங்களைப் பார்த்தார்.

யோகன் அண்ணைதான் முதலில் எழும்பினார்.

ஷெரருக்கு நான் ஒரு நாளும் முறையாக நன்றி சொல்லவில்லை. வேலை கிடைத்துப் போகிற அவசரத்தில் கையைக் குலுக்கிவிட்டு ஓடியவன் நான். சில வருடங்களுக்கு முன் பத்திரிகையில் அவருடைய மரண அறிவித்தலைப் பார்த்தேன். அன்றைக்கு வேலை முறை இருந்தது, போகவில்லை. மாற்றிக் கேட்டிருந்தால் தந்திருப்பார்கள். நான் கேட்கவில்லை.

ஃப்ராவ் ஷெரரின் மேசை

ஷெரரின் மனைவி அதே நகரத்தில், ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடி வீட்டில் தனியாக இருந்தா. தொலைபேசியில் பெயரைச் சொன்னேன். "வாருங்கள், மூன்று மணிக்கு," என்றா. வசந்தி சுட்டுத் தந்த வடையோடு போனேன். மூன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே போய் வாசலில் நின்றேன், அவ்வளவுக்கு நானும் சுவிஸ்காரன் ஆகிவிட்டேன்.

கதவைத் திறந்து, "ஹெர் குணரட்ணம்," என்றா. முழுப் பெயர், ஒரு எழுத்துத் தடுக்காமல். என் வேலையிடத்தில் இத்தனை வருடமாக நான் குணா.

வந்த காரியத்தைச் சொன்னேன். காலி என்று எழுதியிருப்பதைக் கேட்டதும் முகம் சிவந்தது.

"காலியா? அப்படியானால் என் கணவர் யாருக்காகப் படிகளைக் கூட்டினார்?"

உள்ளே போய் ஒரு பழைய கோப்பை எடுத்து வந்தா. திறந்தால் மேலேயே வாஷ்பிளான். உடுப்புத் தோய்க்கிற அட்டவணை. சுவிசில் குடியிருப்பவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. வெளியில் இருக்கும் வாசகருக்காகச் சொல்கிறேன்: இந்த நாட்டில் ஒரு கட்டடத்தில் உள்ள எல்லோருக்கும் கீழ் அறையில் பொதுவாக ஒரு தோய்க்கும் இயந்திரம். யாருக்கு எந்த நாள் என்று எழுதி ஒட்டியிருக்கும். கடவுள் வந்தாலும் அந்த நாளை மாற்ற முடியாது.

நாங்கள் வந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே பன்னிரண்டு பேரும் சேர்ந்து தோய்த்து, கசேர்ன் வேலி முழுக்கச் சாரமும் சேர்ட்டுமாகக் காயப் போட்டோம். ஞாயிறு தோய்ப்பது இங்கே பெருங்குற்றம் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? பல் வைத்தியர் முறைப்பாடு செய்தார். எங்கள் காருக்குச் சொந்தக்காரர் என்பதால் அவரை மன்னித்தோம். திங்கட்கிழமை இந்தத் தாளை ஷெரர் சுவரில் ஒட்டினார். திங்கள் முதல் சனி வரை ஆறு நாள், காலை, பிற்பகல். பன்னிரண்டு பெயர்கள், அவருடைய கட்டை எழுத்தில். சாவியை வாங்கியவர் கையெழுத்துப் போட ஓர் இடம். நாங்கள் தமிழில் போட்டிருந்தோம். மேலே கசேர்னின் பெயர்.

"மாநில அலுவலகம் கட்டில் எண்களை எழுதச் சொன்னது," என்றா ஃப்ராவ் ஷெரர். "பெயர்கள் நீளம், ஆட்களும் மாறுவார்கள் என்று. எண்கள் உடுப்புத் தோய்ப்பதில்லை என்று இவர் சொல்லிவிட்டார். மாலையில் இந்த மேசையில் அப்பிள் தோல் சீவிக்கொண்டே பெயர்களைச் சொல்லிப் பழகுவார். பிழை விட்டால் நான் திருத்துவேன்."

கடித்த வடையைத் தட்டில் வைத்துவிட்டேன். அழுதேன். ஐம்பத்தெட்டு வயதில் இன்னொருவருடைய சமையலறையில் அழுவது அழகில்லைத்தான். அவ கடுதாசிக் கைக்குட்டைப் பெட்டியை என் பக்கம் தள்ளிவிட்டு, இன்னொரு வடை எடுத்துக்கொண்டா.

ஃப்ராவ் கெல்லர் அந்தத் தாளைப் பார்த்துத் துள்ளினார். அவர் படிப்புக்காக ஒரு வருடம் அயர்லாந்தில் இருந்தவராம். அங்கே ஒரு நகரத்துப் பழைய கசேர்னின் வரலாற்றை எழுதியவர்கள், தளபதிகளை விட்டுவிட்டு, சிப்பாய்களின் உடுப்புத் தோய்த்த பெண்களின் பெயர்களைத் தேடி அலைந்தார்களாம். "தோய்க்கும் பட்டியலைவிட நல்ல ஆதாரம் எனக்கு வேண்டாம்," என்றார். பலகை வரி மாறியது. தாளைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கவும் கேட்டார். பதினொரு பேர் சம்மதித்தார்கள். யோகன் அண்ணையின் வரியை மறைக்கச் சொன்னேன். ஒரு வெள்ளைக் கடுதாசிக் கீற்று ஒட்டப்பட்டது.

வியாழன் பிற்பகல்

திறப்பு விழா ஒரு சனிக்கிழமை. காவல் கூண்டைக் கழற்றியிருந்தார்கள். இரும்புக் கதவின் இடத்தில் சைக்கிள்கள் நின்றன. ஃப்ராவ் ஷெரர் நடக்க உதவும் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தா. யோகன் அண்ணை, "சும்மா உன்ர தமிழைப் பாக்கத்தான் வாறன்," என்று சொல்லி வந்திருந்தார். கூடவே அருண். பயிற்சியிலிருந்து வார விடுமுறைக்கு நேரே வந்ததால் சீருடையில் இருந்தான்.

பலகையில் தமிழ் இப்படி இருந்தது: "பின்னர் சில ஆண்டுகள் இலங்கையிலிருந்து தஞ்சம் கோரி வந்தவர்கள் இங்கே வாழ்ந்தார்கள்." கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. யோகன் அண்ணை இரண்டு தரம் வாசித்துவிட்டு, "நல்லாயிருக்கு," என்று மட்டும் சொன்னார்.

பிறகு எல்லோரும் கண்ணாடிப் பெட்டியைச் சுற்றி நின்றோம். ஃப்ராவ் ஷெரர் குனிந்து பார்த்தா.

"மூக்குக் கண்ணாடி கொண்டு வரவில்லை. பரவாயில்லை," என்றா.

விரலைக் கண்ணாடியில் வைத்துச் சொல்லத் தொடங்கினா. "திங்கள் காலை, பாலேந்திரன். பிற்பகல், தர்மலிங்கம். செவ்வாய் காலை, குணரட்ணம்." அவ வாசிக்கவில்லை. அப்பிள் சீவிய மாலைகளில் கணவருக்குத் திருத்திக் கொடுத்ததைச் சொல்லிக்கொண்டிருந்தா. எனக்கு அது விளங்கியபோது புதன் முடிந்துவிட்டது. நான் குறுக்கே பேசுவதற்குள் விரல் வெள்ளைக் கீற்றின் மேலால் நிற்காமல் போனது.

"வியாழன் பிற்பகல், யோகநாதன்."

அருண் நிமிர்ந்து பார்த்தான்.

"அப்பா, அது உங்கட பேரெல்லோ?"

யோகன் அண்ணை கீற்றையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் நிலத்தைப் பார்த்தேன். பிறகு அவர் ஃப்ராவ் ஷெரரின் முன்னால் போய் நின்று ஜெர்மனில் சொன்னார்.

"நான்தான் வியாழன் பிற்பகல்."

அவ அவருடைய கையைப் பிடித்துக்கொண்டா. "சாவியைப் பிந்தித் தருகிறவர்," என்றா. "வெள்ளிக்கிழமைக்காரர் உங்களைப் பற்றி என் கணவரிடம் முறையிட்டுக்கொண்டே இருப்பார்."

யோகன் அண்ணை சிரிக்கப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு மகனிடம் திரும்பினார்.

"ஓம், நான்தான். புரபெசர் வீடு எண்டு உனக்குச் சொன்னது இஞ்சதான். முதல் நாள் பயத்தில அந்த ரோட்டில குந்தியிருந்தனாங்கள்."

"ஏன் பயம்?"

"ஆமியெண்டு நினைச்சு."

அருண் தன் சீருடையை ஒரு தடவை குனிந்து பார்த்தான். தகப்பனின் பக்கத்தில் நெருங்கி நின்றான்.

யோகன் அண்ணை ஃப்ராவ் கெல்லரிடம் பெட்டியைத் திறக்கச் சொன்னார். அவர் திறந்தார். யோகன் அண்ணை தன் நகத்தால், தாள் கிழியாமல், அந்தக் கீற்றை மெல்ல உரித்தெடுத்தார். கட்டை எழுத்தில் பெயர் இருந்தது. பக்கத்தில், சாவி வாங்கியவருக்கான இடத்தில், அவருடைய இருபத்தாறு வயதுக் கையெழுத்து, தமிழில்.

அருண் குனிந்து, எழுத்துக்கூட்டி அதை வாசித்தான்.